நிலக்காட்சி மென்பொருளில் பதிப்பு மாறும்போது லைப்ரரியை இழக்காமல் கொண்டுபோவது எப்படி?

மலையும் வானமும் நீரும் மரமும் கணினிக்குள்ளேயே உருவாக்கும் மென்பொருளில் கொஞ்ச காலம் வேலை செய்தால், முடித்த படங்களைவிட மதிப்புள்ள ஒன்று கையில் சேர்ந்துவிடும். அதுதான் உங்கள் லைப்ரரி. பொறுமையாக உட்கார்ந்து சரிசெய்த ஈர மணல், மனதுக்குப் பிடித்த ஒரு மாலை வானம், பல விதப் பாறைகள், விலை கொடுத்து வாங்கிய மரங்கள். புதிய பதிப்பை நிறுவித் திறந்தால் இவற்றில் ஒன்றும் கண்ணில் படாது. உடனே நமக்குத் தோன்றுவது, பழைய கோப்புறையை மொத்தமாக நகலெடுத்துப் புதியதன்மேல் ஒட்டிவிடலாம் என்பதுதான். பெரும்பாலான இழப்புகள் அந்த ஒரு ஒட்டலில்தான் நடக்கின்றன.

ஏனென்றால் அந்தக் கோப்புறைக்குள் மூன்று வகைச் சரக்கு கலந்து கிடக்கிறது: மென்பொருளோடு வந்தவை, நீங்கள் வாங்கியவை, நீங்களே செய்தவை. மென்பொருளோடு வந்தவற்றை நகர்த்தவே வேண்டாம். புதிய பதிப்பு தன்னுடையதைக் கையோடு கொண்டுவரும். வாங்கியவற்றை, விற்ற இடத்தில் இன்னும் கிடைக்குமானால், மறுபடி பதிவிறக்கி நிறுவுவதே மேல். நீங்கள் செய்தவைதான் உண்மையில் இடம் மாற வேண்டியவை, அவை உலகில் வேறெங்கும் கிடைக்காது. கீழே வருவதெல்லாம் பெரும்பாலும் அந்த மூன்றாம் வகையைப் பிரித்தெடுத்துக் கரைசேர்க்கும் வேலைதான்.

எடுத்துக்காட்டுகளை அதிகமாகப் பிரைஸ் மென்பொருளிலிருந்து எடுக்கிறேன். 1994இல் மேக் கணினிக்காக வெளிவந்து, மெட்டாகிரியேஷன்ஸ், கோரல், டாஸ் 3டி என்று கைமாறி, 2010இல் ஏழாம் பதிப்பை எட்டிய மென்பொருள் அது. இத்தனை கைமாறியதால் பதிப்பு மாற்றத்தில் வரக்கூடிய சிக்கல் அனைத்தும் அதில் உண்டு. வியூ, டெராஜென் என்ற இதே வகை மென்பொருள்களைப் பயன்படுத்துவோருக்கும் வழிமுறை அநேகமாக இதேதான். வேறுபடும் இடங்களில் சொல்கிறேன்.

1. பழைய பதிப்பை நீக்காதீர்கள்

புதியது நிறுவியாயிற்று, பழையது எதற்கு என்று எடுத்துவிட வேண்டாம். இரண்டையும் தனித்தனிக் கோப்புறையில் வைத்தால் பெரும்பாலும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது. நிறுவும் நிரல் "பழைய பதிப்பை மேம்படுத்தவா?" என்று கேட்டால், புதிய இடத்தில் தனியாக நிறுவும் வழியைத் தேர்ந்தெடுங்கள்.

இதற்கு வலுவான காரணம் உண்டு. கோப்புகள் ஒரு திசையில் மட்டுமே போகும். ஐந்தாம் பதிப்பில் சேமித்ததை ஏழாம் பதிப்பு திறக்கும். ஏழில் சேமித்ததை ஐந்து திறக்காது. அதனால் புதிய பதிப்பில் ஒரு பழைய காட்சியைத் திறந்து, பழக்கதோஷத்தில் சேமிக்கும் பொத்தானை அழுத்தினால், திரும்பிப் போகும் வழி அடைபட்டுவிடும். இடமாற்றம் முடியும்வரை, புதியதில் திறக்கும் எதையும் வேறு பெயரிலேயே சேமியுங்கள்.

2. உங்கள் கோப்புகள் உண்மையில் எங்கே இருக்கின்றன?

கேட்பதற்குச் சின்னக் கேள்வி. ஆனால் புதியவர்கள் அதிக நேரம் தடுமாறுவது இங்கேதான்.

பழைய மென்பொருள்கள் லைப்ரரியைத் தம் நிறுவல் கோப்புறைக்குள்ளேயே, அதாவது புரோகிராம் ஃபைல்ஸ் உள்ளேயே வைத்துக்கொள்ளும். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து சாதாரணப் பயனர் அங்கே எழுதுவதற்குத் தடை வந்தது. பழைய நிரல்கள் இதனால் உடைந்துபோகக் கூடாதே என்று விண்டோஸ் ஒரு தந்திரம் செய்தது: பழைய 32 பிட் நிரல் புரோகிராம் ஃபைல்ஸில் எழுத முயன்றால், அந்தக் கோப்பைச் சத்தமில்லாமல் பயனர் கணக்குக்குள் இருக்கும் வேறொரு கோப்புறைக்குத் திருப்பிவிடும். அதன் பெயர் வெர்ச்சுவல்ஸ்டோர். உங்கள் பயனர் கோப்புறையில் ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல், அதற்குள் வெர்ச்சுவல்ஸ்டோர். ஆப்டேட்டா இயல்பில் மறைந்திருக்கும். கோப்பு உலாவியின் பார்வை அமைப்பில் மறைந்தவற்றைக் காட்டச் சொன்னால்தான் தெரியும்.

இதன் விளைவைப் பாருங்கள். மென்பொருளைத் திறந்தால் நீங்கள் சேர்த்த பாறைகள் தெரிகின்றன. புரோகிராம் ஃபைல்ஸில் போய்ப் பார்த்தால், நிறுவிய நாளன்று இருந்த கோப்பு மட்டும் கிடக்கிறது. அதை நகலெடுத்துக்கொண்டு புதிய கணினிக்குப் போனால், சேர்த்தது ஒன்றும் வராது. "கோப்பு கெட்டுவிட்டது" என்று பலரும் சொல்வது பல நேரம் இதைத்தான். கெட்டது எதுவுமில்லை, தவறான நகல் கையில் வந்திருக்கிறது.

ஆகவே இடத்தை ஊகிக்காமல், வட்டு முழுவதையும் பின்னொட்டை (கோப்புப் பெயரின் முடிவில் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகளை) வைத்துத் தேடுங்கள். பிரைஸில் பொருள்களுக்கு ஓபிபி (.obp), பொருட்பரப்புக்கு, அதாவது பொருளின் மேல் போடும் நிறமும் பளபளப்பும் சேர்ந்த மெட்டீரியலுக்கு எம்ஏடி (.mat), வானத்துக்கு பிஎஸ்கே (.bsk). வியூவில் பொருள்களுக்கு விஓபி (.vob), பொருட்பரப்புக்கு எம்ஏடி, வளிமண்டலத்துக்கு ஏடிஎம் (.atm), தாவரங்களுக்கு விஇஜி (.veg). கவனித்தீர்களா? எம்ஏடி என்ற பின்னொட்டு இரண்டிலும் உண்டு. உள்ளே இருப்பது முற்றிலும் வேறு. ஏடிஎம் கோப்பும் அப்படியே: பழைய டெராஜெனிலும் உண்டு, வியூவிலும் உண்டு. ஒரே கணினியில் இரண்டு மென்பொருள் வைத்திருப்பவர்கள், தேடலில் வந்த அத்தனையையும் ஒரே குவியலாகப் போட்டுவிடக் கூடாது. கோப்பு எந்தக் கோப்புறையிலிருந்து வந்தது என்பதைப் பார்த்துப் பிரியுங்கள்.

கிடைத்தவை அனைத்தையும், கோப்புறை அமைப்பு மாறாமல், வேறொரு வட்டுக்கு நகலெடுங்கள். இதுதான் காப்பு. இதன்மேல் இனி எந்த வேலையும் செய்ய மாட்டீர்கள். வேலை செய்ய இன்னொரு நகல் வேண்டும்.

3. எது உங்களுடையது?

இங்கே மென்பொருளின் சேமிக்கும் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

வியூவில் ஒரு கோப்பு என்றால் ஒரு பொருள். பத்து மரம் என்றால் பத்துக் கோப்பு. பிரித்தெடுப்பது எளிது. பிரைஸ் அப்படியில்லை. ஒரு ஓபிபி கோப்பு என்பது ஒரு முழுப் பிரிவு. அதற்குள் பல பொருள்கள் அடைந்திருக்கும். எம்ஏடியும் அதே கதைதான். மென்பொருளோடு வந்த பாறைப் பிரிவைத் திறந்து, அதிலேயே உங்கள் பாறையையும் சேர்த்திருந்தால், இரண்டும் இப்போது ஒரே கோப்பு. அதே பெயரில் புதிய பதிப்பும் ஒரு பிரிவைக் கொண்டுவந்திருக்கும், அதில் புதிய பாறைகள் இருக்கலாம். மேலே ஒட்டினால் புதியவை போகும். ஒட்டாவிட்டால் உங்களுடையவை வராது.

இதற்கு வழி, பழைய பதிப்பிலேயே முதலில் சுத்தம் செய்வதுதான். பழைய பிரைஸைத் திறந்து, பொருள் உருவாக்கும் பட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன முக்கோணத்தை அழுத்தினால் லைப்ரரிச் சாளரம் வரும். (அந்த முக்கோணம் கண்ணில் படாமலே மாதக்கணக்கில் வேலை செய்பவர்கள் உண்டு. பிரைஸின் இடைமுகம் அழகுக்குப் பேர்போனது, தெளிவுக்கு அல்ல.) உங்கள் பொருளை வெற்றுக் காட்சியில் ஏற்றி, உங்களுக்கென்று உருவாக்கிய புதிய பிரிவில் திரும்பச் சேருங்கள். பிரிவின் பெயருக்கு முன்னால் உங்களுக்கு அடையாளமான ஒரு முன்னொட்டு போடுங்கள். வேறு எவரும் அந்தப் பெயரை வைக்க வாய்ப்பில்லாததாக இருந்தால் போதும். பெயர் மோதாது, புதிய பதிப்பில் தேடவும் எளிது.

எந்தப் பிரிவுகளை நீங்கள் தொட்டீர்கள் என்பதே மறந்துபோயிருந்தால் திருத்திய தேதியைப் பாருங்கள். மென்பொருளோடு வந்த கோப்புகள் அனைத்தும் ஏறக்குறைய ஒரே காலத்துத் தேதியோடு இருக்கும். அதிலிருந்து விலகி நிற்பவை நீங்கள் கைவைத்தவை. நிறுவல் கோப்பு இருந்தால் வேறொரு கணினியில் புதிதாக நிறுவி, கோப்புகளின் அளவை ஒப்பிட்டும் பார்க்கலாம்.

ஒரு பிரிவில் நிறையப் பொருள்களை அடைக்காதீர்கள். பெரிய ஓபிபி கோப்பு மெதுவாகத் திறக்கும்; அதைவிட முக்கியம், அந்த ஒரு கோப்பு பழுதானால் உள்ளே இருக்கும் அத்தனையும் போகும். பிரைஸ் 32 பிட் நிரல். விண்டோஸில் இயல்பாக அதற்குக் கிடைக்கும் நினைவகம் 2 ஜிபிதான். கனமான மரங்களைக் குவித்த பிரிவுகளால் அந்த எல்லையைத் தொடுவது கடினமில்லை. சிறு சிறு பிரிவுகளாக வையுங்கள்.

4. டெக்ஸ்சர் படங்கள் கூடவே வருகின்றனவா?

டெக்ஸ்சர் என்பது பொருளின் மேற்பரப்பில் போர்த்தும் படம். பிரைஸ் தான் பயன்படுத்தும் படங்களைக் கோப்புக்குள்ளேயே பொதிந்துகொள்ளும். அதனால் கோப்பு கனக்கும், ஆனால் தனியே கிடந்தாலும் முழுமையாக இருக்கும். டெராஜென் காட்சிக் கோப்பில் இருப்பது பாதை மட்டும்: இன்ன வட்டில், இன்ன கோப்புறையில், இன்ன படம் என்று. வியூவில் படங்களைக் காட்சிக் கோப்போடு பொதிந்து சேமிக்கும் தேர்வு உண்டு. அதை இயக்காமல் விட்டிருந்தால் அங்கேயும் பாதைதான்.

பாதை மட்டும் இருக்கும் இடங்களில், கோப்பை நகர்த்துவதற்கு முன்பே படங்களை ஒழுங்குபடுத்துங்கள். எல்லா டெக்ஸ்சரையும் நிறுவல் கோப்புறைக்கு வெளியே, சின்னப் பாதையுள்ள ஓர் இடத்தில் வைத்து, பழைய பதிப்பிலிருந்தே அந்தப் புதிய இடத்தைச் சுட்டி மறுபடி சேமியுங்கள். பழைய பதிப்பில் ஒருமுறை இப்படிச் செய்துவிட்டால், புதியதில் ஒவ்வொரு படத்தையும் "எங்கே?" என்று கேட்கும் பெட்டியோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

பாதையின் நீளத்தைச் சொல்லக் காரணம், விண்டோஸில் பழைய நிரல்களுக்குப் பாதை 260 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. கோப்புறைக்குள் கோப்புறை என்று அடுக்கிக்கொண்டே போனால், ஒரு நாள் கோப்பு இருக்கும், ஆனால் திறக்காது.

நம்மவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்று. ஒருங்குறி (யூனிகோட்) தெரியாத பழைய மென்பொருளுக்குத் தமிழ்ப் பெயர்கள் வெறும் கேள்விக்குறிகளாகத்தான் தெரியும். "பாறைகள்" என்று கோப்புறைக்குப் பெயர் வைத்திருந்தால் உள்ளே இருப்பதை அது திறக்காமல் போகலாம். கோப்புறையையாவது மாற்றிவிடலாம், விண்டோஸ் பயனர் கணக்கின் கோப்புறையே தமிழ்ப் பெயரில் இருந்தால், டாகுமெண்ட்ஸ் பாதை முழுவதிலும் அந்தப் பெயர் வந்துகொண்டே இருக்கும். அப்படியானால் லைப்ரரியை டாகுமெண்ட்ஸுக்கு வெளியே, வட்டின் வேரிலேயே ஓர் ஆங்கிலப் பெயர்க் கோப்புறையில் வைப்பதுதான் வழி. தமிழில் பெயரிட வேண்டாம் என்று எழுதுவது எனக்கே உறுத்துகிறது. ஆனாலும் இருபது வருடப் பழைய நிரலோடு வாதாடிப் பயனில்லை.

5. நிலப்பரப்புக்குத் தனி ஏற்பாடு

வானத்தையும் பொருட்பரப்பையும் அந்தந்த மென்பொருளின் சொந்த வடிவத்தில்தான் நகர்த்த முடியும். நிலப்பரப்பு மட்டும் விதிவிலக்கு. உயர வரைபடம் என்பது சாம்பல் நிறப் படம்தான்: வெள்ளை உயரம், கறுப்பு பள்ளம். எனவே உங்கள் முக்கியமான மலைகளை லைப்ரரியில் வைப்பதோடு நிற்காமல், படமாகவும் ஏற்றுமதி செய்து வையுங்கள். நாளை மென்பொருளே மாறினாலும் அந்த மலை உங்களோடு வரும். டெராஜென் இதற்கு நல்ல சாட்சி. பழைய டெராஜென் கிளாசிக்கின் உலகக் கோப்புகளை இரண்டாம் பதிப்பு ஏற்கவில்லை. டிஇஆர் (.ter) என்ற நிலப்பரப்புக் கோப்புகளை மட்டும் ஏற்றுக்கொண்டது. மலைகள் பிழைத்தன, மேற்பரப்பையும் வானத்தையும் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது.

ஏற்றுமதி செய்யும்போது 16 பிட் தேர்வு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 8 பிட் படத்தில் சாம்பலின் படிநிலைகள் 256தான். பள்ளத்திலிருந்து உச்சிவரை 2,560 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு படிக்கும் 10 மீட்டர். சரிவான மலை படிக்கட்டாகத் தெரியும், அதிலும் தாழ்ந்த சூரிய ஒளியில் அப்பட்டமாக. 16 பிட்டில் படிநிலை 65,536. அதே மலையில் ஒரு படி ஏறத்தாழ 4 சென்டிமீட்டர். 16 பிட் டிஃப் அல்லது பிஎன்ஜி வடிவம் பாதுகாப்பானது. ஜேபெக் வேண்டவே வேண்டாம்; அதன் சுருக்கும் முறை மலைமேல் கட்டம் கட்டமாகச் சொறி கிளப்பும்.

படத்தோடு இரண்டு எண்களையும் குறித்து வையுங்கள்: காட்சியில் அந்த மலையின் அகலம், உயரம். சாம்பல் படத்துக்கு அளவு தெரியாது. எண் இல்லாவிட்டால் திரும்ப ஏற்றும்போது கண்ணளவில்தான் நிமிர்த்த வேண்டியிருக்கும்.

6. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்

இப்போதுதான் நகர்த்தல் தொடங்குகிறது. முன்வேலையை ஒழுங்காகச் செய்திருந்தால் மீதி இருப்பது சலிப்பூட்டும் வேலைதான், ஆபத்தான வேலை அல்ல.

வரிசை முக்கியம். முதலில் டெக்ஸ்சர் படங்கள், அடுத்து பொருட்பரப்புகள், பிறகு நிலப்பரப்பு, பொருள்கள், தாவரங்கள், கடைசியாக வானமும் முழுக் காட்சிகளும். பொருட்பரப்பு படத்தை நம்பியிருக்கிறது, பொருள் பொருட்பரப்பை நம்பியிருக்கிறது, காட்சி எல்லாவற்றையும் நம்பியிருக்கிறது. தலைகீழாகப் போனால் ஒரே "காணவில்லை" செய்தியை வெவ்வேறு இடத்தில் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள்.

எங்கே போடுவது? புதிய பதிப்புகள் பெரும்பாலும் நிறுவியவற்றையும் பயனருடையதையும் தனித்தனி இடத்தில் வைக்கின்றன. பயனர் பகுதியில்தான் உங்களுடையவை போக வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க எளிய உத்தி: புதிய பதிப்பில் ஒரு கோளத்தை உருவாக்கி, வேறெங்கும் வராத ஒரு விநோதப் பெயரில் பயனர் பிரிவு ஒன்றில் சேர்த்து, மென்பொருளை மூடிவிட்டு, அந்தப் பெயரை வட்டில் தேடுங்கள். பெயரில் கிடைக்காவிட்டால் இன்று திருத்தப்பட்ட கோப்புகளைத் தேடுங்கள். கையேட்டில் எழுதியிருப்பதைவிட இது நம்பகமானது, ஏனென்றால் இது உங்கள் கணினியில் நடப்பதைக் காட்டுகிறது.

மென்பொருளை மூடிவிட்டு ஒரே ஒரு பிரிவை நகலெடுங்கள். திறங்கள். சிறுபடங்கள் வருகின்றனவா? ஒன்றை ஏற்றிப் பாருங்கள். சரியென்றால் அடுத்த சிலவற்றைச் சேர்த்து நகலெடுங்கள். ஐம்பதை ஒன்றாகப் போட்டு மென்பொருள் திறக்கும்போதே நின்றுபோனால், எது காரணம் என்று தெரியாது. அப்படி ஏற்கெனவே ஆகிவிட்டது என்றால், பாதியை வெளியே எடுத்துவிட்டுத் திறந்து பாருங்கள். திறந்தால் குற்றவாளி வெளியே இருக்கிறது, திறக்காவிட்டால் உள்ளே. இப்படிப் பாதி பாதியாகப் போனால் ஐம்பதுக்கு ஆறு சுற்றுக்குள் கோப்பு பிடிபடும்.

வாங்கிய பொருள்களைச் சுருக்கக் கோப்பிலிருந்து விரிப்பவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சுருக்கத்துக்குள்ளேயே கன்டென்ட் என்ற கோப்புறை இருக்கும். அதை மென்பொருளின் கன்டென்ட் கோப்புறைக்குள் போட்டு விரித்தால், கன்டென்டுக்குள் கன்டென்ட் என்று ஆகிவிடும். மென்பொருளுக்கு அது தெரியாது. "நிறுவினேன், வரவில்லை" என்ற புகாருக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

7. ரெண்டர் செய்து ஒப்பிடுங்கள்

பொருள் திறந்துவிட்டது என்பதாலேயே அது அதே பொருள் ஆகிவிடாது. பதிப்புக்குப் பதிப்பு ரெண்டர் முறை, அதாவது காட்சியிலிருந்து இறுதிப் படத்தைக் கணக்கிட்டு உருவாக்கும் முறை, மாறும். ஒளி கணக்கிடும் விதம், காமா திருத்தம் (படத்தின் வெளிச்ச அளவைச் சீராக்குவது), பளபளப்பைக் கையாளும் விதம் எல்லாம் மாறியிருக்கலாம். பழையதில் ஈர மணலாக இருந்தது புதியதில் பிளாஸ்டிக்காகத் தெரியும்.

இதற்கு ஒரு சோதனைக் காட்சி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தரை, ஒரு கோளம், ஒரு கனசதுரம், ஒரே சூரிய நிலை, ஒரே கேமரா, சிறிய அளவு. பழைய பதிப்பில் உங்களுக்கு முக்கியமான பொருட்பரப்புகளை இதில் ஏற்றி ரெண்டர் எடுத்து வையுங்கள். புதிய பதிப்பிலும் அதே காட்சியைத் திறந்து அதையே செய்து, பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எல்லாமே ஒரே அளவுக்கு வெளிறியோ இருண்டோ இருந்தால், அது காமா அல்லது ஒளி அமைப்பின் வேலை; ஓரிடத்தில் சரிசெய்தால் அனைத்தும் சரியாகும். ஒவ்வொரு பொருட்பரப்பையும் உட்கார்ந்து திருத்தத் தொடங்காதீர்கள். ஒன்றிரண்டு மட்டும் வேறாக இருந்தால் அவற்றைத் தனியே திருத்தி, புதிய பெயரில் சேமியுங்கள். முழுவதும் ஒரே நிறமாகவோ கறுப்பாகவோ வந்தால் டெக்ஸ்சர் கிடைக்கவில்லை என்று பொருள்; நான்காம் படிக்குத் திரும்புங்கள்.

செருகுநிரலை (மென்பொருளோடு கூடுதலாக இணைக்கும் பிளக்-இன்னை) நம்பிய பொருள்கள் வேறு வகை. புதிய பதிப்பில் அந்தச் செருகுநிரல் இல்லையென்றால், 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்குப் போகையில் அடிக்கடி இப்படி ஆகும், நகர்த்துவதில் அர்த்தமில்லை. பழையதிலேயே ஓபிஜே (.obj) போன்ற பொது வடிவத்தில் ஏற்றுமதி செய்து வடிவத்தையாவது காப்பாற்றுங்கள். பொருட்பரப்பைப் புதிதாகத்தான் போட வேண்டும்.

எல்லாவற்றையும் நகர்த்தியே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பல வருடமாகத் தொடாத பொருட்பரப்புகள் காப்பு வட்டில் இருந்தால் போதும். தேவைப்படும் நாளில் அதை மட்டும் எடுத்து வாருங்கள். லைப்ரரி எவ்வளவு மெலிந்ததோ அவ்வளவு வேகமாகத் திறக்கும்.

8. பழையதை எப்போது எடுக்கலாம்?

புதியதில் இரண்டு மூன்று முழுப் படங்களை முடித்த பிறகு. அதற்குள் விட்டுப்போனது எது என்று தெரிந்துவிடும். எடுப்பதற்கு முன், வாங்கிய பொருள்களில் பழைய பதிப்பின் உரிமத்தோடு பிணைந்தவை உண்டா என்று பாருங்கள். உண்டென்றால் அந்தக் கணக்கில் நுழைந்து உரிமத்தை விடுவித்த பிறகே நீக்க வேண்டும்.

நிறுவல் கோப்பையும் வரிசை எண்ணையும் காப்போடு சேர்த்து வையுங்கள். இந்தத் துறையில் மென்பொருள்கள் நிறுத்தப்படுவது புதிதல்ல. வியூவை உருவாக்கிய இ-ஆன் நிறுவனத்தை 2015இல் பென்ட்லி சிஸ்டம்ஸ் வாங்கியது. 2024இல் வியூவின் வளர்ச்சி நிறுத்தப்பட்டு, கடைசிப் பதிப்பு இலவசமாக வெளியிடப்பட்டது. பிரைஸின் மேக் பதிப்பு, மேக் இயங்குதளத்தின் 10.7 லயனிலும் அதற்குப் பிந்தைய அமைப்புகளிலும் ஓடாது. மேக்கில் செய்த லைப்ரரியை இன்று திறக்க வேண்டுமானால் பழைய மேக் ஒன்றோ விண்டோஸ் பதிப்போ வேண்டும். காப்பு வட்டில் ஒரு சிறிய உரைக் கோப்பும் இருக்கட்டும்: எந்தப் பதிப்பில் செய்தது, டெக்ஸ்சர்கள் எந்தக் கோப்புறை, மலைகளின் அகலம் உயரம், எந்தச் செருகுநிரல் தேவை. நான்கு வரி போதும், அடுத்த பதிப்புக்கு மாறும் நாளில் இரண்டாம் படியும் மூன்றாம் படியும் மிச்சம்.